பாலாறு: ஓர் ஆற்றின் வழக்கு – பகுதி 12: மணலில் விரித்த இலை

சென்ற வாரம் 1903 நவம்பரில் நிறுத்தியிருந்தோம். மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்தன. பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்தது. சுமார் 200 உயிர்கள் போயின.

அவ்வளவு பெரிய அடி வாங்கியும் கரையோர ஊர்கள் ஆற்றுக்கு முதுகு காட்டவில்லை. வெள்ளம் வடிந்தது, மணல் காய்ந்தது, ஜனங்கள் மறுபடி ஆற்றில் இறங்கினார்கள். குளிக்க இறங்கினார்கள், துவைக்க இறங்கினார்கள், மாடு கழுவ இறங்கினார்கள். பொழுது சாய்ந்தால் உட்கார்ந்து சாப்பிடவும் இறங்கினார்கள்.

அந்தச் சாப்பாட்டின் கதைதான் இந்த வாரம்.

இத்தனை பெரிய வழக்கின் நடுவில் சாப்பாட்டுக் கதை எதற்கு என்று தோன்றலாம். ஆனால் ஓர் ஊர் தன் ஆற்றை எப்போது இழந்தது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல தடயம் கிடையாது. குடிநீர் கெட்டால் எங்கிருந்தாவது குழாய் போட்டுக் கொண்டுவரலாம். பாசனம் போனால் போர் போட்டுப் பார்க்கலாம். ஆற்று மணலில் இலை விரித்துச் சாப்பிடுவதை மட்டும் வேறு எங்கிருந்தும் வரவழைக்க முடியாது. அதற்கு அந்த ஆறே வேண்டும்.

*

தண்ணீருக்கு மேலே ஒரு பந்தி

வேலூரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லும் கேலி ஒன்று உண்டு: அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பி வந்துவிட்டார். ஆற்றைப் பற்றிய கேலி மட்டும் இன்னும் நிற்கிறது.

அந்தக் கேலியில் பாதிதான் உண்மை.

நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. வயலூரில் கடலைச் சேர்கிறது. காவிரியைப் போல ஆடியில் நுங்கும் நுரையுமாக வருகிற ஆறு இல்லை இது. வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் புரண்டு வரும். மற்ற மாதங்களில் மேலே மணல், கீழே நீரோட்டம்.

அந்தக் கீழ் ஓட்டத்தைக் கரையோர உழவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். படுகையிலேயே வாய்க்கால் வெட்டி, ஊறும் நீரை வயலுக்குத் திருப்பினார்கள். ஊற்றுக்கால் என்பது அதன் பெயர். குடிக்க வேண்டுமா? மணலைக் கையால் தோண்டினால் ஊற்று.

இந்த ஆற்றின் சாப்பாட்டு வழக்கம் இதிலிருந்துதான் பிறந்தது. காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு அன்று ஜனங்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிட்டார்கள். பாலாற்றுக்காரர்கள் தண்ணீருக்கு மேலேயே உட்கார்ந்தார்கள்.

சித்திரை மாதம். வட ஆர்க்காட்டு வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்கச் சுட்ட மணல் பொழுது இறங்கியதும் சீக்கிரம் ஆறிவிடும். வீட்டுக்குள் சுவர் இன்னும் அனல் கக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆற்றில் காற்று வந்துவிடும். பௌர்ணமி வெளிச்சம். தூக்கில் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். கூடவே வடகம், துவையல். இலையைப் போட்டு வட்டமாக உட்கார்ந்தால் அது நிலாச்சோறு. பிள்ளைகள் பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டி விளையாடும். கை கழுவவும் அதே ஊற்று, குடிக்கவும் அதே ஊற்று.

மனிதர்கள் மட்டுமா வந்தார்கள்? சாமியும் வந்தார். சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளி, அங்கிருந்து பாலாற்றுக்கு வருவார். ஆற்று மணலில் பள்ளம் தோண்டிப் பந்தல் போட்டு, நீர் ஊறும் இடத்தில் பெருமாளை இருத்திக் குளிர்விப்பார்கள். ஊறல் உற்சவம் என்று இதற்குப் பெயர். கோடையில் ஆற்று மணலில் உட்கார்ந்து இளைப்பாறுவது இந்தப் பகுதியின் வழிபாட்டிலேயே இடம்பிடித்துவிட்டது.

தை பிறந்தால் காணும் பொங்கல். கட்டுச்சோற்றுடன் வண்டி கட்டிக்கொண்டு வடமாவட்டத்து ஜனங்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். வீட்டில் சமைத்த சோறுதான், ஊருக்குப் பொதுவான மணல்தான். காசு கொடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

*

இன்னொரு ஆறு, இன்னொரு கோடை

இப்போது கொஞ்ச நேரம் ஜப்பானுக்குப் போக வேண்டும்.

கியோட்டோ நகரம் மூன்று பக்கம் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. கோடையில் காற்று அசையாது, புழுக்கம் தாங்காது. நகரின் நடுவே கமோ ஆறு ஓடுகிறது. சாதுவான ஆறு இல்லை. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஷிரகாவா பேரரசர் தன் ஆணைக்கு அடங்காதவை மூன்று என்று சொன்னதாக ஒரு பழங்கதை உண்டு. அதில் ஒன்று கமோ ஆற்று வெள்ளம். மற்ற இரண்டு சூதாட்டக் காய்களும், மலைமேல் இருந்த மடத்துத் துறவிகளும்.

அந்த ஆற்றின் திட்டுகளில் பலகைகளைப் போட்டு, விருந்தாளிகளை உட்கார வைத்துச் சாப்பாடு போடும் பழக்கம் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலையெடுத்தது. 1670 வாக்கில் புதிய கரைகள் எழும்பின. கரையோரம் தேநீர் விடுதிகள் பெருகின. 18-ஆம் நூற்றாண்டில் சுமார் 400 விடுதிகள் ஆற்றில் பலகை போட்டன என்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்த வழக்கம் சாக வேண்டிய சந்தர்ப்பங்கள் வரிசையாக வந்தன. 1915-இல் கிழக்குக் கரையோரம் ரயில் பாதை நீண்டது. அந்தப் பக்கத்துப் பலகைகள் போயின. 1934-இல் பெரும்புயல். 1935 ஜூனில் பெருவெள்ளம். பெயர்பெற்ற பாலங்களே அடித்துச் செல்லப்பட்டன, சாப்பாட்டு மேடைகள் எம்மாத்திரம்? பின்னால் போர். இரவில் விளக்கே ஏற்றக்கூடாது என்ற காலம்.

எல்லாம் முடிந்தபின் 1952-இல் கியோட்டோ ஒரு காரியம் செய்தது. யார் மேடை போடலாம், எங்கே, எப்படி என்று எழுத்தில் விதி வகுத்தது.

இன்று மேற்குக் கரையில் ஏறத்தாழ நூறு கடைகள் மே மாதம் மர மேடை கட்டுகின்றன. கமோவை ஒட்டி ஓடும் சிறு கால்வாய்க்கு மேலே அவை நிற்கும். கோடை கழிந்து இலையுதிர்காலம் வந்ததும் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஆற்று நிலம் அரசுடையது, மேடைக்கு அனுமதி ஒரு பருவத்துக்கு மட்டும். 2007-இல் கமோ ஆற்றுக்கென்றே தனிச் சட்டமும் போட்டார்கள்.

கியோட்டோவில் மேடையில் உட்காரக் கையில் கனமாகக் காசு வேண்டும். நம் நிலாச்சோற்றுக்கு அது வேண்டியதில்லை. அந்த வகையில் நம் வழக்கமே உசத்தி. ஆனால் அவர்களுடையது இருக்கிறது, நம்முடையது போய்விட்டது. ஏன்?

ஜப்பானியர்கள் ஆற்றை அதிகம் நேசித்தார்கள் என்று பதில் சொன்னால் அது சோம்பேறிப் பதில். உண்மையான பதிலுக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் போக வேண்டும். 1970 முதல் 1974 வரை.

*

நான்கு ஆண்டுகள்

கமோவுக்கும் ஒரு தொழில் உண்டு. கியோட்டோவின் பெருமையே அதுதான். யூசென் என்னும் சாயமேற்றிய பட்டு. கிமோனோவுக்கான நீளத் துணியில் சித்திரம் தீட்டி முடித்ததும், ஒட்டுப்பசையையும் மிஞ்சிய சாயத்தையும் ஆற்று நீரில் அலசுவார்கள். ஓடும் நீரில் வண்ணத் துணிகள் மிதக்கும் அந்தக் காட்சியைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

போருக்குப் பின் நகரம் பெருத்தது. கழிவு பெருகியது. ஆறு கறுத்தது. 1970-இல் ஜப்பான் நாடாளுமன்றம் மாசுக்கு எதிராக ஒரே கூட்டத் தொடரில் 14 சட்டங்களை நிறைவேற்றியது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்ததையொட்டி ஆற்றில் சாயத் துணி அலசுவது நின்றது. சாயத் தொழில் சாகவில்லை. பட்டறைகள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே நிலத்தடி நீரில் செயற்கை ஓடை அமைத்து அலசிக்கொண்டன.

நகரத்தின் பெருமையான தொழிலைப் பார்த்து, ‘தொழிலைச் செய், ஆற்றில் செய்யாதே’ என்று சொல்ல அங்கே ஒரு சட்டம் இருந்தது. அதற்குத் தொழில் கட்டுப்படவும் செய்தது.

அதே ஆண்டுகளில் பாலாற்றங்கரை ஆம்பூரில் என்ன நடந்தது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்களுக்குத் தோல் புதிதல்ல. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தொட்டிகளில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் மதராஸ் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. அரைகுறையாகப் பதனிட்டு அனுப்புவோம். அதை முழுமையாக்கிச் செருப்பாகவும் பையாகவும் விற்று லாபம் பார்ப்பவர்கள் வெளிநாட்டார்.

இந்த நஷ்டத்தை ஆராயச் சீதாராமையா தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1973-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரைகுறைப் பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. இனி முழுமையான தோலாக, காலணியாக ஏற்றுமதி செய் என்பது கொள்கை.

பொருளாதாரக் கணக்கில் அது சரியான முடிவு. ஆம்பூர் இன்று காலணி நகரமாக இருப்பதற்கு, காலையில் கம்பெனி பஸ்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போவதற்கு, அந்த முடிவே வித்து.

ஆற்றின் கணக்கில் அது வேறொரு முடிவு.

*

டிரம்முக்குள் நடந்த மாற்றம்

முழுமையான தோல் வேண்டும், வேகமாக வேண்டும், மென்மையாக வேண்டும் என்றால் ஆவாரம்பட்டை போதாது. குரோமியம் வேண்டும்.

தொட்டிகளின் இடத்துக்குச் சுழலும் பெரிய மர டிரம்கள் வந்தன. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. வெளியே வந்த தோல் வெளிர் நீல நிறத்தில் இருந்தது. வெளியே வந்த நீரும் முன்புபோல இல்லை.

குரோமியத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடுவது வழக்கம். அதைவிடப் பிடிவாதமான எதிரி ஒன்று உண்டு. நாம் தினமும் சோற்றில் போட்டுக்கொள்ளும் உப்பு.

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவித்தான் அனுப்புவார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு முடியை நீக்குவார்கள். குரோமியத்துக்கு முன்னால் அமிலத்தோடு மறுபடியும் உப்பு. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகும் என்று பிற்பாடு நீதிமன்றத்திலேயே பதிவானது. அத்தனையும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும் நீர்.

குரோமியத்தைச் சுத்திகரிப்பில் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்புக்கு மசியாது. நீரோடு போகும். வாய்க்காலில் போகும், ஏரியில் நிற்கும், மணலுக்குள் இறங்கும்.

மணலுக்குக் கீழேதான் பாலாறு ஓடிக்கொண்டிருந்தது.

வேறு எந்த ஆறாக இருந்தாலும் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். இது மேலே ஓடாத ஆறு. கர்நாடகத்தில் பேத்தமங்கலம் போன்ற பெரிய ஏரிகள் மேல்நீரைப் பிடித்துக்கொண்ட கதையை முன்பே பார்த்தோம். கழுவிவிட வெள்ளம் எப்போதாவதுதான் வந்தது. உப்பு நாள்தோறும் வந்தது.

முதலில் கிணறு உவர்த்தது. பிறகு வயல் வெளுத்தது. ஊற்றுத் தோண்டிய கை, நீரை வாய்க்குக் கொண்டுபோகத் தயங்கியது. போதாக்குறைக்கு மணல் லாரிகள் வந்தன. கீழே நீர் கெட்டது, மேலே மணலே குறைந்தது. உட்கார இடமும் இல்லை, குடிக்க ஊற்றும் இல்லை.

நிலாச்சோற்றை யாரும் தடை செய்யவில்லை. அதற்கென்று ஒரு கடைசி நாளும் கிடையாது. ஒரு சித்திரையில் போகாமல் விட்டார்கள். அடுத்த சித்திரையில் யாரும் கூப்பிடவில்லை.

இன்று ஆம்பூரின் வெளிச்சாப்பாடு எங்கே நடக்கிறது? சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில். கார்கள் வரிசையாக நிற்க, சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் பரிமாறப்படுகின்றன. ஊரின் பெயர் நாடெங்கும் மணக்கிறது. ஆறு பக்கத்திலேயே கிடக்கிறது. சாப்பிடுகிறவர்களின் பார்வை சாலையில் இருக்கிறது. ஆம்பூர்க் குழாயில் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவரும் காவிரி நீர் வருகிறது.

*

சட்டம் இருந்தது

இங்கே ஓர் எளிய சந்தேகம் எழும். ஜப்பானில் சட்டம் இருந்தது, நம்மிடம் இல்லை, அவ்வளவுதானே?

இல்லை. இந்தியாவின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. ஜப்பானுக்கு நான்கே ஆண்டுகள் பிந்தி. குரோமிய டிரம்கள் பெருகத் தொடங்கிய அதே காலத்தில்.

ஆனால் தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில். எட்டு ஆண்டுகள். ஆறுகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தோல் தொழிற்சாலை போன்ற கடும் மாசுத் தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்று மாநில அரசு ஆணை போட்டது 1989 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள். அதற்குள் வரவேண்டியவை எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. புதியவை வரக்கூடாது என்ற ஆணை, பழையவற்றை என்ன செய்யும்?

கியோட்டோவில் ஆற்றில் மேடை போட விதி வேண்டும், சாயம் அலசவும் விதி வேண்டும். இங்கே சோறு தின்றவரும் யாரையும் கேட்கவில்லை, கழிவு விட்டவரும் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் சோறு தின்றதால் ஆற்றுக்கு ஒன்றும் குறையவில்லை. கேட்காமல் கழிவு விட்டதால் சோறு தின்றவர் எழுந்து போக வேண்டியதாயிற்று. பொதுவான மணலுக்குக் காவல் இல்லையென்றால் பலமுள்ளவன் கைக்கு அது போய்விடும். பாலாற்றில் நடந்தது இதுதான்.

*

1996 ஆகஸ்ட் 28

கடைசியில் சிலர் கேட்டார்கள்.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. எதிர்த் தரப்பில் மத்திய அரசு, தமிழ்நாடு அரசு, தோல் தொழிற்சாலைகள். வழக்கு ஐந்து ஆண்டுகள் நடந்தது.

நீதிமன்றத்தின் முன் வந்த கணக்குகள் லேசானவை அல்ல. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 900 தோல் தொழிற்சாலைகள். திண்டுக்கல் பக்கத்தில் நடந்த ஓர் ஆய்வில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன.

தொழில் தரப்பின் வாதமும் லேசானதல்ல. அந்நியச் செலாவணி வருகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாப்பிடுகின்றன. மூடினால் ஆம்பூர் என்ன ஆகும்?

1996 ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு வந்தது. தொழில் நாட்டுக்கு முக்கியம்தான், அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கொடுக்க வேண்டும் என்ற நெறியும், ஆபத்துக்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற நெறியும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுற்றுச்சூழல் வழக்குகளுக்குத் தனி அமர்வு அமைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வேண்டுகோள். சேதத்தைக் கணக்கிட்டு, யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஓர் ஆணையம் அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவு.

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்தாலும் இன்று இந்த வழக்கைச் சொல்லாமல் எடுக்க முடியாது. பாலாற்றின் பெயரால் நாடு முழுவதுக்கும் ஒரு நெறி கிடைத்தது.

பாலாற்றுக்கு என்ன கிடைத்தது?

உவர்த்த கிணற்றுக்கு விலை என்ன? வெளுத்த வயலுக்கு எத்தனை ஆண்டுக் கணக்கு? நிலம் இல்லாத, ஊற்று நீரை மட்டும் நம்பிய கூலிக்காரர் இந்தப் பட்டியலில் வருவாரா? தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, இதே தோல் பகுதிக்காக அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. அப்படியானால் 1996-இல் அமைக்கச் சொன்ன ஆணையம் போட்ட கணக்கு எங்கே நின்றது, யார் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

அடுத்த வாரம் பார்ப்போம்.